மூச்சுக்குழாயைத் திறந்த மலைப்புதர்

1/ சிசேரியனுக்கு முதுகுல மயக்க ஊசி போட்டதும் சில தாய்மாருக்கு பிபி சட்டுனு இறங்கும். அதை ஏத்த மயக்கவியல் மருத்துவர்கள் பயன்படுத்தும் மருந்துகள்ல ஒண்ணு எஃபெட்ரின். இதோட பூர்வீகம் ஒரு மலைப்புதர். அந்த வரலாறுதான் இந்த இழை.

2/ புதரின் பேர் எஃபெட்ரா. லடாக், ஸ்பிதி, திபெத்ல, 4000 மீட்டருக்கு மேலகூட, பாறை இடுக்குல வளரும் இனம் ஒண்ணு உண்டு. இலைகள் வெறும் செதில்தான். பச்சைத் தண்டுதான் ஒளிச்சேர்க்கை செய்யும்.

3/ இதே குடும்பத்துச் சீனச் செடி 'மா ஹுவாங்'. மூச்சிரைப்புக்கு அங்க பல நூற்றாண்டுகளா இதைக் கஷாயமா கொடுத்தாங்க. 1885ல ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி இதுல இருந்து எஃபெட்ரினைப் பிரிச்செடுத்தார்.

4/ அப்புறம் ஏறக்குறைய 40 வருஷம் அது பெருசா கவனிக்கப்படல. 1924ல பீக்கிங்ல சென், ஷ்மிட் ரெண்டு பேரும் இது அட்ரினலின் மாதிரி வேலை செய்யுதுன்னு காட்டினாங்க. அட்ரினலினை வாய்வழியா கொடுத்தா வேலை செய்யாது, பலனும் சீக்கிரம் தீர்ந்துடும். எஃபெட்ரினை வாய்வழியா கொடுக்கலாம், பலன் மணிக்கணக்குல நிக்கும். ஆஸ்துமா நோயாளிகளுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! கல்கத்தாவுல ராம்நாத் சோப்ரா நம்ம இமயமலை எஃபெட்ராவை ஆராய்ந்தார்.

5/ ஆனா மூச்சுக்குழாயை விரிக்கும் அதே மருந்து இதயத்தையும் விரட்டும். படபடப்பு, தூக்கமின்மை, உயர் ரத்த அழுத்தம். அதனால பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் ஆஸ்துமாவுல இதோட இடம் போச்சு.

6/ அமெரிக்காவுல இதையே எடைக்குறைப்பு மாத்திரையா வித்தாங்க. மாரடைப்பு, பக்கவாதம், மரணங்கள். 2004ல எஃபெட்ரா கலந்த சப்ளிமென்ட்களுக்கு அங்க தடை வந்தது.

7/ குளிர்ப்பிரதேசத்துல இதை அழகுக்கு வளர்க்கிறவங்க உண்டு. நல்ல வெயில், மணலும் சரளையும் கலந்த மண், கொஞ்சமா தண்ணி. பனியைத் தாங்கும், ஈரம் தேங்கினா வேர் அழுகிடும். விதையிலோ வேரோட பிரிச்ச கன்னிலோ வளர்க்கலாம். ஆண், பெண் தனித்தனிச் செடி. விதை வேணும்னா ரெண்டும் வேணும்.

8/ ஆனா வளர்த்த செடியைக் கஷாயம் போடாதீங்க. இனம், பருவம், வளரும் இடம் மாறினா மருந்தின் அளவும் மாறும். ஆம்பூல்ல எத்தனை மில்லிகிராம்னு எழுதியிருக்கும். தண்டுல எழுதியிருக்காது. 'இயற்கைதானே, ஒண்ணும் செய்யாது'ன்னு யாராவது சொன்னா, இந்தப் புதரைக் காட்டுங்க.