ஊருண்டு, வீடில்லை

1981ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், பருவமழைக் காலத்தில், மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பம்பாய் நடைபாதைகளில் குடியிருப்போர் அனைவரும் அகற்றப்பட்டு, அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப்படுவர் என்பது அதன் சாரம். 'சொந்த ஊர்' என்பது செவிக்கு இதமான சொல்தான். அந்தச் சொல்லின் மறுபக்கத்தைப் பின்னர் வந்த தீர்ப்பின் பக்கங்களில் காணலாம்.

சேலத்தில் நிலமற்ற கூலியாக இருந்த ஒருவர், வறட்சியில் வேலையிழந்து 1961இல் பம்பாய்க்கு வந்தவர். தினக்கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலையோர நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கித்தானும் போர்த்திய ஒரு கூடாரத்துக்கு, அப்பகுதியை ஆட்டிவைத்த ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்திருந்தான். நூறு நாள் கூலிக்கும் மேற்பட்ட தொகை அது. ஜூலை 23 அன்று மாநகராட்சி அதை இடித்து, குடும்பத்தையே சேலத்துக்குப் பேருந்து ஏற்றிவிட்டது. மனைவியும் மகள்களும் ஊரில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி, மீண்டும் ஒரு நடைபாதையில் ஒண்டிக்கொண்டார். அவருக்கு ஊர் இருந்தது. அங்கே பிழைப்புத்தான் இல்லை.

இத்தகையோரும், பத்திரிகையாளர் ஓல்கா டெலிஸ் முதலானோரும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். மாநகராட்சி ஒரு சாதுரியமான வாதத்தை வைத்தது: நடைபாதையில் குடிசை போட அடிப்படை உரிமை கோரமாட்டோம் என்று உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர்கள், இப்போது அதற்கு மாறாக வாதிடலாகாது. அடிப்படை உரிமையை எவரும் விட்டுக்கொடுக்க இயலாது என்று நீதிமன்றம் அதனைத் தள்ளியது.

1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது அது. வேலைக்கு அருகில் இருக்கவே மக்கள் நடைபாதையைத் தேர்கின்றனர். அங்கிருந்து அகற்றுவது பிழைப்பைப் பறிப்பதாகும் என்பதையும் ஏற்றது. இந்திய நீதித்துறை வரலாற்றின் பெருமைக்குரிய பக்கங்களுள் இதுவும் ஒன்று.

ஆனால் அதே தீர்ப்பு, நடைபாதை நடப்போருக்கு உரியது என்றும், உரிய நடைமுறைப்படி அகற்றலாம் என்றும் முடிந்தது. முன்னறிவிப்பின்றி அகற்ற இடந்தரும் 1888ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டப் பிரிவும் செல்லும் என்றாயிற்று. சாதாரணமாக அறிவிப்புத் தரவேண்டும் என்பது மட்டுமே காப்பு. 1976 கணக்கெடுப்பில் இடம்பெற்றோருக்கு மாற்றிடம் தரச் சொன்னது. எனினும் அது அகற்றுவதற்கு முன்நிபந்தனை அன்று. நடைபாதைவாசிகளுக்கு உடனடியாகக் கிடைத்தது, மழைக்காலம் கழிந்து அக்டோபர் 31 வரையிலான அவகாசம்.

இந்த முரண் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. உறைவிடத்தை மனித உரிமைகளுள் ஒன்றாக 1948ஆம் ஆண்டின் உலகப் பிரகடனம் தன் 25ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. நம் அரசியல் சட்டம் வெளிப்படையாகச் சொல்லாத வீட்டுரிமையை, நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின் எழுந்த தென்னாப்பிரிக்க அரசியல் சட்டம் தன் 26ஆம் பிரிவில் எழுதியே வைத்தது. கேப் டவுன் அருகே குடிசைகள் இடிக்கப்பட்டு, ஒரு விளையாட்டு மைதானத்தில் தஞ்சமடைந்தவர்களின் சார்பில் ஐரீன் க்ரூட்பூம் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு அரசியல் சட்ட நீதிமன்றம் அரசைக் கண்டித்தது. போக்கிடமற்றோருக்கு உடனடி உதவி தராத வீட்டுத் திட்டம் சட்டத்துக்கு ஒவ்வாது என்றது. எனினும், கேட்டவுடன் வீடு பெறும் உரிமை எவர்க்கும் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னது. சட்டக் கல்லூரிகள் பலவற்றில் இன்று அவர் பெயர் ஒலிக்கிறது. 2008இல் அவர் இறந்ததோ ஒரு குடிசைவாசியாகத்தான்.

இதனால் தீர்ப்புகள் வீண் என்று ஆகிவிடாது. அவை இல்லையேல் பேருந்தில் ஏற்றி அனுப்புவதே நியாயமாக நிலைத்திருக்கும். ஆனால் வழக்கை வென்றவரும் வீடின்றிச் சாகக்கூடும் என்பதை இவ்விரு வரலாறுகளும் நமக்குச் சொல்கின்றன. உரிமையை அறிவிப்பது நீதிமன்றத்தால் ஆகும். வேலைக்குச் சென்று திரும்பும் தொலைவில் ஒரு கூரையைத் தருவது அரசின் பணி. சேலத்துக்காரர் மீண்டும் நடைபாதைக்கே வந்தது, அந்தப் பணி நடக்காததால்தான்.