தாங்காவில் கரையிறங்கிய பெங்களூர் பிரிகேட்

பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டைப் பிடித்து வடக்கே போனால், மடிவாளா, ஆடுகோடியெல்லாம் தாண்டி, பிரிகேட் ரோடு வந்து சேரும். அது ரெசிடென்சி ரோட்டைச் சந்திக்கும் முனையில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. முதல் உலகப் போரில் உயிர்விட்ட பயனியர் படையினருக்காக எழுப்பியது. அவர்கள் மாண்ட களங்களில் ஒன்றாக அதில் கிழக்கு ஆப்பிரிக்காவின் பெயரும் இருக்கிறது. பெங்களூர் கண்டோன்மென்டுக்கும் ஆப்பிரிக்கக் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம்?

விடை 1914 நவம்பரில் இருக்கிறது. இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி அன்று ஜெர்மனியின் காலனி. அதன் வடக்குத் துறைமுகமான தாங்காவிலிருந்து உள்நாட்டுக்கு ஒரு ரயில்பாதை ஓடியது. அந்த ஊரைப் பிடித்தால் காலனியின் வடபகுதி கைக்கு வரும் என்று கணக்குப் போட்ட பிரிட்டிஷார், ஜெனரல் ஆர்தர் எய்ட்கன் தலைமையில் சுமார் 8,000 பேரைப் பம்பாயிலிருந்து கப்பலேற்றினார்கள். படையின் ஒரு பாதிக்கு 27-வது பெங்களூர் பிரிகேட் என்று பெயர். பெங்களூரில் முகாமிட்டிருந்த லாயல் நார்த் லங்காஷயர் பட்டாலியன், 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 98-வது இன்ஃபன்ட்ரி, 101-வது கிரனேடியர்ஸ் ஆகியவை அதில் அடக்கம். கூடவே சென்னை ராணுவத்தின் இன்னொரு படையான 61-வது பயனியர்களும் போனார்கள்.

நவம்பர் 2 காலையில் ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பல் தாங்காவுக்கு வந்தது. அதன் கேப்டன் சுடவில்லை. ஜெர்மன் அதிகாரியைக் கப்பலுக்கு வரவழைத்து, ஊரை ஒப்படைக்கச் சொல்லிக் கெடு வைத்தார். மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று கரைக்குத் திரும்பிய அதிகாரி, மேலிடத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டு, தானும் சண்டைக்குத் தயாரானார். துறைமுகத்தில் கண்ணிவெடி இருக்குமோ என்று கப்பல்கள் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில், ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் அதே ரயில்பாதை வழியாக மோஷியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குவித்தார். வந்தவர்கள் எல்லாம் சேர்ந்தே சுமார் ஆயிரம் பேர்தான்.

பிரிட்டிஷ் தரப்பில் உளவு பார்க்க யாரையும் அனுப்பவில்லை. வாரக்கணக்கில் கப்பலில் கிடந்து, கடல்நோயில் துவண்டவர்களை இரவோடு இரவாக ஊருக்குக் கிழக்கே ஒரு முனையில் இறக்கினார்கள். 3-ஆம் தேதி விடிந்ததும் படையின் மறுபாதியைச் சேர்ந்த 13-வது ராஜபுத்திரர்களும் 61-வது பயனியர்களும் முன்னேறி, அடி வாங்கித் திரும்பினார்கள். மறுநாள் மொத்தப் படையும் இறங்கியது. ரப்பர் தோட்டத்திலும் புதரிலும் பக்கத்தில் வருபவன் யாரென்றே தெரியவில்லை. பாளையங்கோட்டைப் படை எந்திரத் துப்பாக்கிச் சூட்டில் சிதறியது. காஷ்மீர் ரைஃபிள்ஸும் லங்காஷயர்காரர்களும் ஊருக்குள்ளேயே புகுந்தார்கள். ஆனால் அந்த இடத்தைத் தக்கவைக்க முடியவில்லை.

தேனீக்களும் சேர்ந்துகொண்டன. மரங்களில் இருந்த கூடுகள் துப்பாக்கிச் சூட்டில் கலைந்து, தேனீக்கள் கூட்டமாக வந்து 98-வது இன்ஃபன்ட்ரியைக் கொட்டி விரட்டின. ஜெர்மானியர்கள் கயிறு கட்டி ஏவிவிட்டார்கள் என்று பிறகு ஒரு கதை கிளம்பியது. உண்மையில் தேனீக்கள் ஜெர்மன் தரப்பையும் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் தேனீக்களின் போர் என்ற பெயர் அந்தச் சண்டைக்கு ஒட்டிக்கொண்டது. 5-ஆம் தேதி எல்லோரும் மறுபடி கப்பலேறினார்கள். 360 பேர் இறந்திருந்தார்கள், 487 பேருக்குக் காயம். எந்திரத் துப்பாக்கிகளும், நூற்றுக்கணக்கான ரைஃபிள்களும், சுமார் ஆறு லட்சம் தோட்டாக்களும் கரையிலேயே கிடந்தன. அவற்றை வைத்துக்கொண்டு ஜெர்மானியர்கள் மேலும் பல காலம் சண்டை போட்டார்கள். தோல்விச் செய்தியை லண்டன் மாதக்கணக்கில் அமுக்கி வைத்தது. எய்ட்கன் கர்னலாகப் பதவி இறக்கப்பட்டார்.

இதே பெங்களூர் இன்னொரு கரையிறக்கத்தில் வேறு விதமாகப் பெயர் வாங்கியிருக்கிறது. 1912-இல் இங்கே மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்த கேப்டன் மெக்ளின்டாக், குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்து, ஒன்றோடொன்று பொருத்தி நீட்டக்கூடிய ஓர் ஆயுதத்தை உருவாக்கினார். முள்வேலிக்கு அடியில் அதைத் தள்ளி வெடிக்கவைத்தால் ஆள் போகும் அளவுக்கு வழி திறக்கும். தள்ளுகிறவர் வேலியை நெருங்கவே வேண்டாம். அதுதான் பெங்களூர் டார்பிடோ. 1944 ஜூன் 6-இல் நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்க வீரர்கள் முள்வேலியைப் பிளந்தது இதை வைத்துத்தான். ‘சேவிங் பிரைவேட் ரயான்’ படத்தில் அவர்கள் ‘பெங்களூர்’ கேட்டுக் கத்துவதைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ‘தம்பி’ என்று ராணுவம் முழுக்க அழைக்கப்படும் அந்தச் சாப்பர்களின் தலைமையகம் இன்றும் அல்சூரில்தான் இருக்கிறது.

ஜூன் 6 வந்தால் பல நாட்டுத் தலைவர்கள் நார்மண்டியில் கூடுகிறார்கள். அக்டோபர் 27-ஐ இந்திய ராணுவம் காலாட்படை தினமாகக் கொண்டாடுகிறது. 1947-இல் சீக்கிய ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் விமானத்தில் ஸ்ரீநகரில் வந்திறங்கிய நாள் அது. தாங்காவுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. தோற்ற சண்டைதானே என்று தள்ளிவிடவும் முடியாது. 1915 ஏப்ரல் 25-இல் கலிபோலியில் இறங்கியவர்களும் தோற்றுத்தான் திரும்பினார்கள். ஆனாலும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அந்த நாளை விடியற்காலை வழிபாட்டோடு அனுசரிக்கின்றன. தங்கள் தேசம் உருவான கதை என்று அதை அவர்களால் சொந்தம் கொண்டாட முடிந்தது. தாங்காவில் விழுந்தவர்கள் வேறொருவரின் சாம்ராஜ்யத்துக்காகச் சண்டை போட்டவர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ராணுவத்தில் பழைய சண்டைகளின் நாளை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அந்தந்த ரெஜிமென்டுகள்தான். தென்னிந்தியர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்ற ‘போர்க்குடி’ வாதம் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. அது சரிதான் என்று காட்டப் பாளையங்கோட்டைப் படையின் சிதறல் வசதியாக அமைந்தது. களைத்துப் போனவர்களைத் திட்டமில்லாமல் இறக்கிவிட்ட தளபதியின் தவறு பின்னுக்குப் போனது. போருக்குப் பிந்தைய பத்தாண்டில் பாளையங்கோட்டைப் படையைக் கலைத்தார்கள். 1928-க்குள் மெட்ராஸ் ரெஜிமென்டின் நிரந்தரப் பட்டாலியன்கள் எல்லாமே போய்விட்டன. 1933-இல் மெட்ராஸ் பயனியர்களும் கலைந்தார்கள். நாளைக் குறித்துவைக்க அந்தத் தென்னிந்திய ரெஜிமென்டுகளே மிஞ்சவில்லை.

1941-இல் ஆள் பற்றாக்குறை வந்தபோது அதே அரசாங்கம் மெட்ராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்பியது. அதன் பட்டாலியன் ஒன்று பர்மா போர்முனைக்குப் போய் ஜப்பானியரை எதிர்த்து நின்றது. ரெஜிமென்டின் மையம் இன்று நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது.