ஊரின் தொகையும் ஊருக்கு வழியும்

ஒரு சிற்றூரைப் பற்றி அரசாங்க ஏடுகள் கூறுவன மிகச் சிலவே. 1951ஆம் ஆண்டுக் குடிமதிப்பை ஒட்டி வெளிவரத் தொடங்கிய மாவட்டக் கையேடுகளில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வரி கிடைத்தது. பிற்காலக் கையேடுகள் மக்கள் தொகையோடு, ஊருக்குச் செல்வது கப்பிச் சாலையா மண்பாதையா, பஸ் நிற்குமிடம் உண்டா என்பனவற்றையும் அவ்வரியிலேயே குறித்தன. அருகருகே நிற்கும் இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றி நின்றன என்பதை நாம் இங்கே காண்போம்.

நாடெங்கும் ஒரே காலத்தில் தலை எண்ணும் முறை 1881ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆயின், சிற்றூருக்கும் சாலை வேண்டும் என்னும் எண்ணம் நாடு தழுவிய திட்டமாக உருப்பெற அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1943இல் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள், நன்கு பயிர்த்தொழில் நடைபெறும் பகுதியில் எவ்வூரும் பெருஞ்சாலையிலிருந்து 5 மைலுக்கு மேல் விலகியிருத்தலாகாது என்று வகுத்தனர். 1961ஆம் ஆண்டின் பம்பாய்த் திட்டம் அத்தொலைவை 4 மைலாகக் குறைத்தது. இவ்விரண்டிலும் அளவுகோல் தூரமே.

1974இல் ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தோடு தோன்றிய குறைந்தபட்சத் தேவைகள் திட்டம் அளவுகோலை மாற்றியது. 1,500 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்கு முதலில் சாலை என்றாயிற்று. பொருள் குறைவாயிருந்த காலத்தில், ஒரு சாலையால் மிகப் பலர் பயன்பெறட்டும் என்பது நியாயமே. ஆனால் நூற்றுக்கணக்கில் மட்டுமே மக்களைக் கொண்ட மலையூரும் பாலைநிலத்து ஊரும் வரிசையின் கடைசிக்குச் சென்றன.

அவ்வரிசையில் காத்திருப்பதன் விலை யாது? பீகாரில் கயை மாவட்டத்துக் கெலௌர் என்னும் சிற்றூர் இதற்குச் சான்று. மலை குறுக்கே நின்றமையால் அவ்வூரார் மருத்துவத்திற்கும் சந்தைக்கும் நெடுவழி சுற்ற வேண்டியிருந்தது. அங்கே கூலி வேலை செய்து வாழ்ந்த தசரத் மாஞ்சியின் மனைவி பல்குனி தேவி, மலைவழியில் விழுந்து அடிபட்டு, உரிய காலத்தில் மருத்துவ உதவி கிட்டாமல் இறந்தார் என்பர். மாஞ்சி 1960இல் சுத்தியும் உளியும் கொண்டு பாறையை உடைக்கத் தொடங்கினார். 22 ஆண்டுகள் உழைத்து, ஏறத்தாழ 360 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள வழியை 1982இல் முடித்தார். அத்ரி, வசீர்கஞ்ச் வட்டாரங்களுக்கிடையே சுமார் 55 கிலோமீட்டராயிருந்த பயணம் 15 கிலோமீட்டராயிற்று. திட்டங்கள் தூரத்தையும் தொகையையும் அளந்துகொண்டிருந்த அதே காலத்தில் ஒரு தனிமனிதர் மலையை அளந்தார்.

2000ஆம் ஆண்டு டிசம்பர் 25இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், வருவாய்க் கிராமத்தை விடுத்துக் குடியிருப்பையே அலகாகக் கொண்டது. சமவெளியில் 500 பேரும், மலை, பாலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேரும் வரம்பாயினர். கணக்கு 2001ஆம் ஆண்டுக் குடிமதிப்பினின்று எடுக்கப்பட்டது. 2024இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டம் 2011ஆம் ஆண்டுத் தொகையைக் கொண்டு மேலும் 25,000 குடியிருப்புகளை இணைக்க முற்பட்டது. வரம்பு இறங்க இறங்க ஊர்கள் வெளிச்சத்திற்கு வந்தன.

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. குடிமதிப்பு ஒருவரை அவர் வாழும் இடத்திலேயே எண்ணுகிறது. 1971 முதல், முன்பு வாழ்ந்த இடத்தையும் கேட்கிறது. ஆகவே தில்லியிலோ மும்பையிலோ நாம் எண்ணப்படும்பொழுது, நம் பிறந்த ஊரின் வரியில் ஒரு தலை குறைகிறது. வழியில்லாத ஊரினின்று இளைஞர் வெளியேறுவர். வெளியேறுவதால் தொகை குறையும். தொகை குறைந்தால் வழி வருவது தாமதமாகும். ஊரில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியோரும் சிறுவருமே. விரைந்து மருத்துவமனை சேரவேண்டியவர்களும் அவர்களே. சாலையின் தேவை தலைகளின் எண்ணிக்கையில் மட்டும் அடங்கிவிடுவதன்று என்பதை அவ்வூர்களை விட்டுவந்த நாம் நன்கறிவோம்.