போக்கரில் எதிராளியைக் கணித்தல்: திறனும் அதிர்ஷ்டமும்

எதிராளியின் கையில் என்ன சீட்டு இருக்கலாம் என்று, அவர் கட்டும் தொகை, எடுத்துக்கொள்ளும் நேரம், உடலசைவு, முன்பு ஆடிய விதம் ஆகியவற்றைக் கொண்டு ஊகிப்பதைப் போக்கர் ஆட்டக்காரர்கள் ‘ரீட்’ என்பார்கள். கணிப்பு பலித்தால் அது திறனா, குருட்டு அதிர்ஷ்டமா என்று பிரித்தறிவது இந்த ஆட்டத்தின் தீராத சிக்கல். சதுரங்கத்தில் காய்கள் இருவர் கண்முன்னும் இருக்கின்றன. தோற்றவர் எங்கே பிசகினார் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். போக்கரில் சரியாகக் கணித்தவர் பணத்தைப் பறிகொடுப்பதும், தப்பாகக் கணித்தவர் அள்ளிக்கொண்டு போவதும் அன்றாடம்.

ஃபார்ஹா போட்ட சீட்டு

2003இல் லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினர். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்: தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபார்ஹா, இணையத் தகுதிச்சுற்று வழியே வந்த டென்னசி மாநிலக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். ஒரு கட்டத்தில் ஃபார்ஹாவிடம் ஒன்பதுகளின் ஜோடி இருந்தது. மணிமேக்கரிடம் இருந்தது ராஜாவும் ஏழும்தான். ஐந்து ஸ்பேடு சேரும் என்று காத்திருந்தார். கடைசிச் சீட்டும் கைகொடுக்கவில்லை. ஆனாலும் கையிலிருந்த சில்லுகள் அத்தனையையும் நடுவே தள்ளினார்.

ஃபார்ஹா நெடுநேரம் யோசித்தார். எதிராளிக்கு ஸ்பேடு சேராமல் போயிருக்கும் என்று வாய்விட்டே சொன்னார். பிறகு சீட்டைப் போட்டுவிட்டு விலகிக்கொண்டார்.

கணிப்பு சரி, எடுத்த முடிவு தப்பு. சற்று நேரத்தில் 25 லட்சம் டாலர் பரிசு மணிமேக்கருக்குப் போனது. மேசையில் பொருத்திய கேமரா சீட்டுகளைக் காட்டியதால்தான் இந்தக் கதை வெளியே தெரிந்தது.

திறக்காத சீட்டுகள்

சாதாரண மேசையில் அந்தக் கேமரா வசதி கிடையாது. 2009இல் சிஜிட்டல் என்ற நிறுவனம் போக்கர்ஸ்டார்ஸ் என்ற இணையத் தளத்தில் ஆடப்பட்ட 10.3 கோடி கைகளை ஆராய்ந்தது. (சீட்டுப் போட்டு ஒருமுறை ஆடி முடிப்பது ஒரு கை.) அவற்றில் 75.7 விழுக்காடு, யாரும் சீட்டைத் திறந்து காட்டாமலே முடிந்திருந்தன. ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் விலகிவிட்டால், வென்றவர் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. ஆகவே விலகியவரின் கணிப்பு பெரும்பாலும் சரிபார்க்கப்படுவதே இல்லை. சீட்டு திறந்து பலித்த சில கணிப்புகள் மனத்தில் நிற்கின்றன. மற்றவை கணக்கில் வராமல் போகின்றன.

தேர்ந்த ஆட்டக்காரர், எதிராளியிடம் இருப்பது ‘இந்தச் சீட்டுதான்’ என்று அடித்துச் சொல்வதில்லை. இருக்கக்கூடிய சீட்டுகளின் வரிசையை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று எடைபோடுவார். நடுவே 100 ரூபாய் இருக்கும்போது எதிராளி மேலும் 100 கட்டுகிறார் என்று கொள்வோம். 100 கொடுத்துச் சீட்டைத் திறக்கச் சொல்பவருக்குக் கிடைக்கக்கூடியது 200. மூன்று முறையில் ஒருமுறை அவர் கணிப்பு பலித்தாலே கணக்கு நேராகிவிடும். இரண்டு முறை தோற்றதைப் பார்த்து, இவருக்குக் கணிக்கத் தெரியவில்லை என்பவர் கணக்கைத் தவறவிடுகிறார்.

முகமும் கையும்

போக்கர் ஆட்டக்காரர் மைக் கேரோ 1984இல் ஆட்டக்காரர்களின் உடல்மொழி பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் முகம் அவ்வளவு நம்பத்தக்க சாட்சி இல்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், உளவியலாளர் மைக்கேல் ஸ்லெப்பியன் குழுவினர் 2009 உலகத் தொடரின் காணொளித் துண்டுகளைப் பார்வையாளர்களிடம் காட்டினர். ஆட்டக்காரரின் சீட்டு எவ்வளவு நல்லது என்பது பற்றி முகத்தை மட்டும் பார்த்தவர்களின் ஊகம், காசு சுண்டிப் பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. சில்லுகளைத் தள்ளும் கையை மட்டும் பார்த்தவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள்.

எத்தனை கை ஆடினால் தெரியும்?

ஏஸ் ஜோடி, ராஜா ஜோடியோடு மோதினால் சுமார் 82 விழுக்காடுதான் வெல்லும். ஏறக்குறைய ஐந்தில் ஒருமுறை வழுக்கிவிடும். இந்த ஏற்ற இறக்கம் திறனை நெடுநாள் மறைத்துவைக்கும். 100 கைக்குச் சராசரியாக 5 அலகு வெல்பவர் நல்ல ஆட்டக்காரர். அதே 100 கையில் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 90 அலகு என்று வைத்தால், 10,000 கை ஆடிய பிறகும் அவர் நஷ்டத்தில் இருக்க ஏறத்தாழ 29 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 1,00,000 கையில் அது 4 விழுக்காடாகக் குறையும். நேரடி மேசையில் மணிக்கு முப்பது கை ஆடினாலும், 10,000 கைக்கே முந்நூறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

தனியொருவரைப் பிரித்தறிவது கடினம். கூட்டமாகப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட்டும் தாமஸ் மைல்ஸும் 2010 உலகத் தொடரை ஆராய்ந்தார்கள். தேர்ந்தவர்கள் என்று முன்கூட்டியே வகைப்படுத்திய 720 பேர் முதலீட்டில் 30 விழுக்காட்டுக்கு மேல் ஈட்டினார்கள். மற்றவர்கள் சுமார் 15 விழுக்காடு இழந்தார்கள்.

அதிர்ஷ்டத்தைக் கழித்த போட்டி

2017 சனவரியில் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கை ஆடியது. ஒருவருக்குக் கிடைத்த சீட்டு, இன்னொருவரின் ஆட்டத்தில் நிரலுக்குக் கொடுக்கப்பட்டது. நல்ல சீட்டு விழுந்ததால் வந்த ஆதாயம் இதனால் பெருமளவு கழிந்துவிட்டது. 17,66,250 டாலர் மதிப்புள்ள சில்லுகளை நிரல் வென்றது. அது எவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தனியாளின் பழக்கங்களை நம்பியும் ஆடவில்லை. யார் எப்படி ஆடினாலும் தன்னைச் சுரண்ட முடியாதபடி ஆடுவதே அதன் உத்தி.

நீதிமன்றத்தில்

2012இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன், போக்கரில் திறனே மேலோங்குகிறது என்று புள்ளிவிவரங்களை ஏற்றுத் தீர்ப்பளித்தார். திறனா அதிர்ஷ்டமா என்ற கேள்வி வழக்குக்கு அடிப்படையான கூட்டாட்சிச் சூதாட்டச் சட்டத்துக்குத் தேவையில்லை என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியலிட்டது. அந்தப் பட்டியலைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும், திறன், அதிர்ஷ்டம் என்ற பேதமின்றி, 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடைசெய்கிறது.