வரப்போகும் வசதிகள்

அரசர்களின் சரித்திரத்தை அறிய மெய்க்கீர்த்திகள் உதவுகின்றன. வென்ற நாடுகள், எடுப்பித்த கோயில்கள், கொடுத்த நிலங்கள் எல்லாம் அவற்றில் வரிசையாக இருக்கும். செய்ய நினைத்துச் செய்யாமல் விட்டவை மட்டும் இரா. கைகூடாத ஆசையைக் கல்லில் வெட்டச் சொல்ல எந்த அரசனுக்கு மனம் வரும்?

கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்களிடம் இந்தக் கூச்சம் இல்லை. இதுவரை செய்து முடித்தது இன்னதென்று சொல்லிவிட்டு, அதன் கீழேயே ‘வரப்போகும் வசதிகள்’ என்று இன்னொரு பட்டியலையும் போட்டுவிடுவார்கள். அந்த இரண்டாவது பட்டியலைப் படிப்பதில் எனக்கு எப்போதும் தனி ருசி உண்டு. ஒரு காலத்து மனிதர்கள் எதற்கு ஏங்கினார்கள் என்பது அதில்தான் தெரியும்.

அத்தகைய பட்டியல் ஒன்றின் சரித்திரத்தை இங்கே சொல்லப் போகிறேன். 1990களின் பிற்பகுதியில் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒரு வகை நிரல் குடியேறியது. நாம் ஒரு சொல்லைக் கொடுத்தால், பல தேடுபொறிகளையும் ஒரே சமயத்தில் விசாரித்து, விடைகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்துத் தருவது அதன் வேலை. மெட்டா சர்ச் என்று அதற்குப் பெயர். கூட்டுத் தேடல் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு என்ன தேவை வந்தது? இன்று தேடுவதென்றால் ஒரே இடத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அது விளங்குவது சிரமம். 1994-ல் வெப்கிராலரும் லைகோஸும் வந்தன. 1995 டிசம்பரில் ஆல்டவிஸ்டா வந்தது. மறு ஆண்டு ஹாட்பாட். ஒவ்வொன்றும் இணையத்தின் ஒரு பகுதியைத்தான் அறிந்திருந்தது. கதைக்குத் தகவல் தேடி அலைகிறவன் நான். ஒரே சொல்லை மூன்று இடங்களில் கேட்டால், ஒரே வழக்கில் வந்து நிற்கும் மூன்று ஊர்ச் சாட்சிகளைப் போல மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும்.

இது என் ஒருவனுடைய அனுபவம் அல்ல. அமெரிக்காவில் என்.இ.ஸி. ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் லாரன்ஸ், லீ கைல்ஸ் என்ற இருவர் 1998-ல் இதை அளந்தே காட்டினார்கள். அப்போது இணையத்தில் குறைந்தது 32 கோடிப் பக்கங்கள் இருந்தன என்பது அவர்கள் மதிப்பு. மிகப் பெரிய தேடுபொறிகூட அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் அறிந்திருந்தது. ஆறு தேடுபொறிகளைச் சேர்த்துக் கேட்டாலோ, சராசரியாக ஒன்று தருவதைப்போல் மூன்றரை மடங்கு கிடைத்தது. 1999-ல் மறுபடியும் கணக்கெடுத்தபோது பக்கங்கள் 80 கோடியாகிவிட்டன. ஆனால் எந்தத் தேடுபொறியும் நூற்றுக்குப் பதினாறுக்கு மேல் எட்டவில்லை. தேடுபொறிகள் நடந்துகொண்டிருந்தன, இணையம் ஓடிக்கொண்டிருந்தது.

பலரையும் சேர்த்துக் கேட்பதுதான் வழி என்பதைக் கல்லூரிகளில் இருந்த சிலர் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1995-ல் கொலராடோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் டேனியல் டிரைலிங்கர் ‘ஸாவிசர்ச்’ என்பதைச் செய்தார். அதே ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் எரிக் ஸெல்பர்க் என்ற மாணவரும் ஓரன் எட்ஸியோனி என்ற பேராசிரியரும் ‘மெட்டாகிராலர்’ என்பதைக் கொண்டுவந்தார்கள். எட்ஸியோனி இதற்கு ஓர் உவமை சொன்னார். வலைப்பக்கங்கள் புல், அவற்றை மேயும் தேடுபொறிகள் ஆடு மாடுகள், அந்த ஆடு மாடுகளை உண்டு வாழும் பிராணி கூட்டுத் தேடல். உவமை கொஞ்சம் கொடூரமானதுதான். ஆனால் பின்னால் நடந்ததையெல்லாம் பார்க்கும்போது அதில் ஒரு ஜோசியமும் அடங்கியிருந்ததாகத் தோன்றுகிறது.

தேடுபொறிக்குக் கோடிக்கணக்கான பக்கங்களைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம் வேண்டும். அதற்குப் பெரிய இயந்திரங்கள் வேண்டும். கூட்டுத் தேடலுக்குக் களஞ்சியமே வேண்டாம். கேட்கத் தெரிந்தால் போதும். வந்த விடைகளை ஒழுங்குபடுத்தத் தெரிந்தால் போதும். ஆகவே அது ஒரு சாதாரண மனிதனின் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே வாசம் செய்யலாம். இந்தச் சௌகரியத்தைப் பயன்படுத்திக்கொண்டு கனடாவில் க்யூபெக்கிலிருந்து ‘கோபர்னிக்’ வந்தது. வானநூல் மேதை கோபர்னிகஸின் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆப்பிள் நிறுவனம் 1998-ல் தன் மாக் ஓ.எஸ். 8.5 உடன் ‘ஷெர்லாக்’ என்ற துப்பறிவாளனையே வீட்டுக்கு அனுப்பிவைத்தது. ஒவ்வொரு தேடுபொறியிடமும் எப்படிப் பேச வேண்டும் என்பதைச் சின்னச் சின்னக் குறிப்புக் கோப்புகளாக ஷெர்லாக்குக்குக் கற்றுக் கொடுக்கலாம். புதிய இடம் ஒன்று தோன்றினால் புதிய குறிப்பு ஒன்றைச் சேர்த்தால் ஆயிற்று.

இனி, பட்டியலுக்கு வருவோம். இவ்வகை நிரல்களைச் செய்தவர்கள் அடுத்தபடியாகச் செய்ய ஆசைப்பட்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் முக்கியமாக ஐந்து இருக்கும். இரண்டு இடங்களிலிருந்து வந்த ஒரே விடையையும், செத்துப்போன முகவரிகளையும் களைந்துவிட வேண்டும். பக்கத்தையே கொண்டுவந்து, கேட்ட சொல் மெய்யாகவே அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்று கேட்ட கேள்வியை நாளையும் அடுத்த வாரமும் தானே கேட்டுப் பார்த்து, புதிதாக வந்ததை மட்டும் சொல்ல வேண்டும். நீண்ட பக்கத்தைச் சுருக்கித் தர வேண்டும். ஐந்தாவதாக, விடைகளை எஜமானனுடைய ருசியை அறிந்து வரிசைப்படுத்த வேண்டும். அந்த ருசியை வீட்டுக்குள்ளேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

முதல் நான்கும் வெறும் கனவாக நின்றுவிடவில்லை. பணம் கொடுத்து வாங்கும் கோபர்னிக் பதிப்பு செத்த முகவரிகளைக் களைந்தது; தேடலைக் குறித்த நேரத்தில் திரும்பச் செய்து, புதியது வந்தால் மின்னஞ்சலில் சொல்லியது; பக்கங்களைச் சுருக்கியும் தந்தது. டெலிபோன் கம்பி வழியே இணையம் நத்தையாய் ஊர்ந்து வந்த காலத்தில் இவை எவ்வளவு பெரிய உபகாரம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத ஒரு நிபந்தனை எல்லா வசதிகளுக்கும் அடியில் இருந்தது. அது மற்றவர்களின் சம்மதம். தேடுபொறி தன் விடைப் பக்கத்தின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றினால் போதும்; வீட்டிலிருக்கும் நிரல் கண் தெரியாமல் விழிக்கும். செய்தவர் ஓடிவந்து பழுதுபார்க்க வேண்டும். அடுத்த மாதம் வேறொரு தேடுபொறி மாறும். இது தவிர இன்னொரு சங்கடம். தேடுபொறிக்குச் சோறு போடுவது விளம்பரம். கூட்டுத் தேடல் நிரலோ விடையை மட்டும் எடுத்துக்கொண்டு விளம்பரத்தை அங்கேயே விட்டுவிட்டு வரும். தினமும் அன்னதானத்துக்கு வந்து உண்டுவிட்டு, உண்டியல் பக்கமே திரும்பாமல் போகிறவரை எந்தத் தர்மகர்த்தா எத்தனை நாள் வரவேற்பார்?

இதில் தேடுபொறிகளின் பக்கம் நியாயமே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். இணையம் முழுவதையும் மேய்ந்து சேர்ப்பது லேசான காரியமல்ல. ஆனால் அவை மேய்ந்த புல்லை வளர்த்தவர்கள் யார்? பக்கங்களை எழுதியவர்கள். உவமையில் புல்லுக்கு வாய் கிடையாது. நிஜத்திலும் அதை யாரும் அதிகம் கேட்கவில்லை. எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த வழக்கில் புல்லின் பக்கம் சாய்வு இருப்பது இயல்புதானே!

1998-ல் கூகிள் நிறுவனம் தோன்றியது. சில ஆண்டுகளில், ஒரே இடத்தில் கேட்டாலே போதும் என்ற திருப்தி ஜனங்களுக்கு வந்துவிட்டது. நான்கு பேரை விசாரிக்கும் வழக்கம் மறைந்தது. பட்டியலில் இருந்த வசதிகள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுக் கிளம்பித் தேடுபொறியின் மாளிகைக்குக் குடிபோயின. புதியது வந்தால் சொல்லும் வசதியை 2003-ல் ‘கூகிள் அலர்ட்ஸ்’ என்ற பெயரில் கூகிளே கொடுத்தது. ஷெர்லாக்கை ஆப்பிள் 2007-ல் தன் புதிய பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. நிரல்கள் வந்து விடை வாங்கிச் செல்வதற்கென்று தேடுபொறிகள் தனி வாயில்கள் திறந்ததும் உண்டு. கூகிள் 2002-ல் நாளொன்றுக்கு ஆயிரம் கேள்வி என்ற கணக்கில் திறந்தது. 2006-ல் புதியவர்களுக்கு அனுமதி நின்றது. 2009-ல் அந்த வாயிலே மூடப்பட்டது. யாஹூ 2008-ல் திறந்ததை 2016-ல் மூடியது. மைக்ரோஸாப்ட் தன் பிங் தேடலுக்கென எல்லாருக்கும் வைத்திருந்த வாயிலை 2025 ஆகஸ்டில் மூடியது.

சரி, வசதிகள் எங்கிருந்து வந்தால் என்ன, வந்துவிட்டனவே என்று வாசகர்கள் கேட்கலாம். ஐந்தாவது ஆசையை மறந்துவிட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே. என் ருசியை அறிந்து விடைகளை வரிசைப்படுத்துவதும் இன்று நடக்கத்தான் நடக்கிறது. ஆனால் என் வீட்டில் நடப்பதற்கும் பிறர் மாளிகையில் நடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஒருவன் தேடும் சொற்களைப்போல் அவனைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. வைத்தியரிடம் சொல்லத் தயங்கும் நோயை, மனைவியிடம் மறைக்கும் கடனை, நள்ளிரவில் தேடுபொறியிடம் கேட்டுவிடுகிறான். அந்தச் சொற்களைக் கொண்டு அவன் மனத்தை அறிந்துகொள்ளும் கருவி அவனுடைய மேஜைமேல் இருந்தால் அது அவன் வேலைக்காரன். வேறொருவர் மாளிகையில், விளம்பரக்காரர்களுக்குப் பக்கத்து அறையில் இருந்தால், அதை என்னவென்று சொல்வது?

அந்த ஆசை அடியோடு அழிந்துவிடவில்லை. 2014-ல் ‘ஸெர்க்ஸ்’ என்ற கூட்டுத் தேடல் நிரல் தோன்றியது. 2021-ல் அதிலிருந்து ‘ஸெர்க்ஸ்என்ஜி’ கிளைத்தது. யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடவைக்கலாம். தேடுபொறிகள் மாறும்போதெல்லாம் அதுவும் தடுமாறும்; தன்னார்வலர்கள் பழுதுபார்ப்பார்கள். பழைய கதைதான், ஆனாலும் விடாமல் செய்கிறார்கள்.

இப்போது செயற்கை அறிவின் காலம். கேள்வியை வாங்கிக்கொண்டு, தானே தேடி, பல பக்கங்களைப் படித்து, சுருக்கி, ஒரே விடையாகத் தருகிற சாதனங்கள் வந்துவிட்டன. இவை புதுமை என்கிறார்கள். புதுமைதான். ஆனாலும் அவற்றின் வசதிகளை விரல் விட்டு எண்ணினால் அந்தப் பழைய பட்டியல் அப்படியே வருகிறது. ஆகையால் அந்தப் பட்டியலின் சரித்திரமும் இவற்றுக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். வரப்போகும் வசதிகள் என்று யாராவது உங்கள் முன் ஒரு காகிதத்தை நீட்டினால், அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து மகிழுங்கள். பிறகு, அந்தச் சாதனம் யாருடைய வீட்டில் இருக்கப் போகிறது, யாருடைய தயவில் உயிர் வாழப் போகிறது என்று இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். பதில் சொல்ல அவர்கள் கொஞ்சம் யோசித்தால், நீங்களும் கொஞ்சம் யோசிப்பது நல்லது.