விளக்கும் கங்கையும்

1982 பொங்கல் வியாழக்கிழமை வந்தது. வெள்ளி மாட்டுப் பொங்கல், பிறகு சனி, ஞாயிறு. எங்கள் நால்வரில் ஒருவனுக்குச் சொந்த ஊர் போளூர். அன்றைக்கு அது வட ஆர்க்காடு மாவட்டம். 1989இல்தான் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. அவன் வீட்டில் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, சனிக்கிழமை திருமலைக்குப் போவதென்று ஏற்பாடு. மற்ற மூவருக்கும் மலை ஏறுவதில் ஆசை. எனக்கு மட்டும் வேறு நோக்கம் இருந்தது. சரித்திர மாணவன் நான். கங்கையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

போளூருக்கு அருகில் கங்கை எப்படி என்று கேட்கக்கூடும். திருமலை ஒரு சமணக் குன்று. அதன் உச்சியை ஒட்டிய பாறையில் முதலாம் ராஜேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கி.பி. 1025 வாக்கில் வெட்டியது. சோழப்படை வடக்கே போன கதைக்கு இதைவிட முக்கியமான சாட்சி குறைவு. சக்கரக்கோட்டம், ஒட்ட தேசம், கோசல நாடு, தர்மபாலனின் தண்டபுத்தி, ரணசூரனின் தக்கணலாடம், மழை ஓயாத வங்காள தேசத்திலிருந்து யானையை விட்டிறங்கி ஓடிய கோவிந்தசந்திரன், போர்க்களத்தில் தோற்ற மகிபாலன், கடைசியில் கங்கை என்று வரிசை போகிறது. ஹுல்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்த நாளிலிருந்து நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் வங்காளத்துச் சரித்திரக்காரர்களும் திரும்பத் திரும்ப வந்து நின்ற பாறை இது. பால வம்சத்து மகிபாலனின் காலத்தைக் கணக்கிடுகிறவர்களுக்கும் இது வேண்டியிருக்கிறது. இன்னொரு பயனும் உண்டு. இதில் கங்கை இருக்கிறது, கடாரம் இல்லை. அடுத்த ஆண்டுக் கல்வெட்டுகளில் கடாரம் வந்துவிடுகிறது. இரண்டு படையெடுப்புகளில் எது முந்தியது, கடல் தாண்டியது ஏறத்தாழ எந்த வருஷம் என்பதற்கு இந்த மௌனமே ஆதாரம்.

இதையெல்லாம் எழும்பூர் கன்னிமரா நூலகத்தில் உட்கார்ந்து படித்திருந்தேன். கல்வெட்டின் வாசகத்தை முழுநீளத் தாள் ஒன்றில் கையால் பிரதி எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அந்தத் தாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆரணி போகும் பஸ்ஸில் ஏறி வடமாதிமங்கலத்தில் இறங்கி நடந்தோம். அடிவாரத்தில் கோபுரம், அதைத் தாண்டிக் கோயில்கள், பாறைக்கடியில் அறைகளாகத் தடுத்த குகை, குகைச் சுவரில் மங்கிப்போன ஓவியங்கள். கோயில் ஒன்றுக்குக் குந்தவை ஜினாலயம் என்று பெயர். ராஜராஜனின் தமக்கை கட்டியது. தாதாபுரத்திலும் அவள் சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று, ஜினனுக்கு ஒன்று என்று மூன்று கோயில் கட்டியிருக்கிறாள். ஆனால் எங்களுக்குத் தெரிந்த குந்தவை கல்கியின் தொடர்கதையில் பல்லக்கில் வருகிறவள். கூட வந்தவர்கள் அவளைப் பற்றிக் கிண்டலாக ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். நான் அதில் கலந்துகொள்ளவில்லை. எனக்கு மேலே போக அவசரம்.

மேலே நேமிநாதர் நிற்கிறார். பாறையிலேயே புடைத்தெடுத்த உருவம், பதினாறடி உயரம். ஊர்க்காரர்கள் சிகாமணிநாதர் என்கிறார்கள். ஆடையில்லை, ஆயுதமில்லை, முகத்தில் நம்மைப் பற்றிய அக்கறை எதுவும் இல்லை. தமிழ்நாட்டிலேயே பெரிய சமணச் சிலை என்று நான் விளக்கம் சொல்லிவிட்டுக் கல்வெட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன். வெயிலில் எழுத்து தெரியவில்லை. போளூர்க்காரன் கீழே போய் ஒரு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தான். பாறையில் தெளித்துத் துணியால் ஒற்றியதும் எழுத்துகள் கறுத்து எழுந்தன. நான் தாளைப் பிரித்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். கணக்குப் படிக்கிற நண்பன் விரலால் பாறையைத் தொடர்ந்தான். அவனுக்குச் சோழர்கால எழுத்து தெரியாது. ஆனாலும் வரிகளை எண்ணத் தெரியும். நான் கங்கைக்கு வந்து நிறுத்தியபோது அவன் விரல் நிற்கவில்லை.

“உன் தாள் முடிஞ்சுபோச்சு. பாறை முடியலையேடா” என்றான்.

முடியவில்லைதான். தாளின் கடைசியில் நான் நான்கு புள்ளிகள் வைத்திருந்தேன். நூலகத்தில் அந்த இடத்துக்கு வந்தபோது மெய்க்கீர்த்தி தீர்ந்துவிட்டது, மேலே இருப்பது வழக்கமான தான விவரம் என்று பேனாவை மூடிவிட்டேன். “அது ஒண்ணுமில்லை, ஏதோ விளக்கு” என்றேன்.

எங்கள் சத்தம் கேட்டு வந்து நின்றிருந்த பெரியவர் ஒருவர், அந்த ஊர் நயினார், அப்போதுதான் பேசினார். “அந்த விளக்குக்காகத்தான் தம்பி மத்ததெல்லாம் எழுதியிருக்கு” என்றார். குரலில் கண்டிப்பு ஒன்றுமில்லை. பஸ் எந்தப் பக்கம் போகும் என்று வழி சொல்வது போலச் சொன்னார்.

புள்ளிகளில் நான் விட்டதைப் பிறகு படித்தேன். ஜயங்கொண்ட சோழ மண்டலம், பங்கள நாடு, அதன் நடுவில் முகை நாடு, அங்கே பள்ளிச்சந்தமான வைகாவூர், அதன் திருமலை, அங்கே குந்தவை ஜினாலயம். இந்தத் தேவருக்கு, பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரில் இருக்கும் வியாபாரி நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, விளக்கெரிக்கவும் திருவமுதுக்கும் காசு கொடுத்தாள். விஷயம் இவ்வளவே. ஒரு வணிகரின் மனைவி, பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கொடுத்த காசு இருக்கிறது. ஏன் கொடுத்தாள் என்று இல்லை.

மெய்க்கீர்த்தி என்ற வழக்கத்தை நிலைநிறுத்தியவன் ராஜராஜன். ஆட்சியாண்டைச் சொல்லுமுன் அரசனின் வெற்றிகளைச் சொல்லும் ஒரே மாதிரியான வாசகம் அரசாங்கத்திலிருந்து புறப்பட்டு நாடெங்கும் போயிற்று. வெற்றி கூடக் கூட வாசகம் நீண்டது. ஆனால் அந்த வாசகம் தானாகக் கல்லில் ஏறாது. எங்கோ ஒருவர் ஆடு கொடுக்க வேண்டும், நிலம் கொடுக்க வேண்டும், விளக்குக்குக் காசு கொடுக்க வேண்டும். அதைப் பதியும்போது தேதிக்கு முன்னால் அரசன் வருவான். சோழ அரண்மனையின் ஓலைகள் நமக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தவை கோயில் சுவர்களும் பாறைகளும் சில செப்பேடுகளும். செப்பேடுகளும் பெரும்பாலும் தானத்தைச் சொல்ல எழுந்தவையே. ஆக, சாம்ராஜ்யம் தன்னைப் பற்றி விட்டுச்சென்ற சாட்சியத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்டவர்களின் சின்னச் சின்னக் கொடைகளின் முகவுரையாக வந்தது. கங்கை கொண்டதை வங்காளத்துக்கும் நமக்கும் தெரியப்படுத்தியவர்களில் மல்லியூர் சாமுண்டப்பையும் ஒருத்தி. நாம் முகவுரையை எடுத்துக்கொண்டு புத்தகத்தைத் தூர எறிந்துவிட்டோம்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. இதே வட்டாரத்தில், ஜவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கம் பக்கத்து நடுகற்களை இரா. நாகசாமி பதிப்பித்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்டது. அதில் எடுத்தனூர்க் கல் ஒன்று. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டு, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. அரசன் பெயருக்கும் ஆண்டுக்கும் ஒரு சின்ன இடம். மீதி முழுவதும் மாட்டுச் சண்டையில் செத்துப்போன கருந்தேவகத்திக்கும் அவனுடைய நாய்க்கும். நாயின் பெயர் கோவிவன். திருடர்கள் இருவரைக் கடித்துவிட்டு அவனைக் காத்து நின்றது என்கிறது கல். வீரனுக்குப் பக்கத்தில் நாயின் உருவமும் இருக்கிறது. பல்லவப் பேரரசன் அங்கே ஒரு தேதி. நான்கு நூற்றாண்டு கழித்துத் திருமலையில் அரசன் பாறையின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்கிறான், கொடுத்தவள் கடைசியில் ஒதுங்கி நிற்கிறாள். இந்த மாற்றத்துக்கு அரசின் வளர்ச்சி என்று பாடப்புத்தகத்தில் பெயர். கல்லில் இடம் யாருக்குப் போயிற்று என்று அளந்து பார்த்தாலே அந்த வளர்ச்சி தெரிந்துவிடும்.

அன்று பெரியவர் எங்களை அங்கேயே உட்காரவைத்து நேமிநாதரின் கதையைச் சொன்னார். நேமி கல்யாணத்துக்குத் தேரில் போகிறான். வழியில் கூக்குரல் கேட்கிறது. பார்த்தால் பட்டி நிறைய விலங்குகள், கட்டுண்டு கிடக்கின்றன. எதற்கு என்று சாரதியைக் கேட்கிறான். உங்கள் கல்யாண விருந்துக்குத்தான் என்கிறான் சாரதி. நேமி தேரைத் திருப்பச் சொல்கிறான். கல்யாணம் நின்றது, அவன் கிர்நார் மலைக்குத் துறவியாகப் போய்விட்டான். மணப்பெண் ராஜீமதியும் பின்னால் துறவு பூண்டாள். பெரியவர் இதைச் சொல்லி முடித்துவிட்டுச் சிலையைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. சூரியன் ஜவ்வாது மலை மேல் இறங்கிக்கொண்டிருந்தது. “இருட்டினா எங்க வீட்ல சாப்பாடு கிடையாது. இப்பவே வாங்க தம்பி” என்று எங்களை இறக்கிக் கூட்டிப்போனார். அஸ்தமனத்துக்கு முன் அவர் வீட்டுத் திண்ணையில் நால்வரும் சாப்பிட்டோம்.

அவர் சொல்லாமல் விட்டது எனக்கு உறைக்கப் பல வருஷங்கள் ஆயின. ஆடுகளின் கூக்குரல் கேட்கப் பொறுக்காமல் தன் கல்யாணத்தையே விட்டு ஓடியவரின் காலடியில், ஊர் ஊராகக் கொள்ளையடித்ததும் யானைகளைக் கவர்ந்ததும் பட்டியலாக இருக்கிறது. வெட்டியவர்களுக்கு இது முரணாகத் தோன்றியிருக்குமா? தோன்றியிராது என்றுதான் நினைக்கிறேன். இன்று அரசாங்க முத்திரைத்தாளில் உயில் எழுதுகிறவன் முத்திரையில் உள்ள சிங்கங்களைப் பற்றி யோசிப்பதில்லை. சாமுண்டப்பைக்கு வேண்டியது விளக்கு, ராஜேந்திரன் அவளுக்கு முத்திரைத்தாள். ஆனால் முத்திரைத்தாளை மட்டும் கத்தரித்துச் சட்டமிட்டு மாட்டி, இதுவே நம் பெருமை என்று மார்தட்டுகிற ஒரு தலைமுறையில் நான் வளர்ந்தேன். நானும் தட்டினேன்.

தட்டியதற்குச் சாட்சியும் இருக்கிறது. விடுமுறை முடிந்து திரும்பியதும் கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை எழுதினேன். கங்கை கொண்ட தமிழன் என்பது போல ஒரு தலைப்பு. பரிசு கிடைத்தது. பெரியவர் பேசிய பிறகு, மிச்ச வரிகளையும் படித்த பிறகு எழுதியது அது. சாமுண்டப்பை அதில் இல்லை. கணக்கு நண்பன் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டான். “விளக்கு எங்கடா?” பக்கம் போதவில்லை என்றேன். மகிபாலனின் யானைகளுக்கு இரண்டு பக்கம் கொடுத்திருந்தேன்.

திருமலையில் சாமுண்டப்பை தனியாக இல்லை. ராஜராஜனின் 21ஆம் ஆண்டில் குணவீர மாமுனிவர் ஒரு கலிங்கு கட்டி, அதற்குக் கணிசேகர மருபொற்சூரியன் என்று பெயரிட்டார். துறவி ஒருவர் ஏரி நீருக்கு வழி செய்த அந்தச் செய்தி கோபுரத்துக்கு முன்னால் மண்ணில் புதைந்த பாறையில் கிடந்தது. எழினி என்ற சேரன் செய்துவைத்த யக்ஷன், யக்ஷி உருவங்களைத் தகடூர் அதியமான் வழியில் வந்த விடுகாதழகிய பெருமாள் பிற்காலத்தில் புதுப்பித்தான். 14ஆம் நூற்றாண்டில், ராஜநாராயண சம்புவராயன் காலத்தில், பொன்னூர் மண்ணை பொன்னாண்டையின் மகள் நல்லாத்தாள் இந்த மலையில் ஜினன் திருவுருவம் ஒன்றை எழுந்தருளச் செய்தாள். மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக அரசர்கள் மாறிக்கொண்டே இருக்க, யாராவது ஒருவர் படியேறி வந்து எதையாவது எரியவைத்திருக்கிறார்கள், நிறுத்தியிருக்கிறார்கள், பழுது பார்த்திருக்கிறார்கள். இந்தத் தொடர்ச்சிக்கு நம்மிடம் சரித்திரம் இல்லை. வம்சாவளி இருக்கிறது.

மேலே நின்று பார்த்தால் மேற்கே ஜவ்வாது மலை அடுக்கடுக்காக நிற்கிறது. அங்கிருக்கும் மலையாளிகள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லாகவே அது இருந்துவருகிறது. விளக்குக்குக் காசு கொடுத்துப் பாறையில் கடைசி வரியைப் பிடித்தவளாவது பாக்கியசாலி. முகவுரைக்குள்ளும் வராமல், தானத்துக்குள்ளும் வராமல் போனவர்களை எந்தத் தண்ணீர் தெளித்துப் படிப்பது?

பிறகு இரண்டு முறை திருமலைக்குப் போயிருக்கிறேன். 1998இல் அங்கே அரஹந்தகிரி மடம் அமைந்துவிட்டது. யாத்திரிகர்கள் வருகிறார்கள். பெரியவரைப் பற்றி விசாரிக்கலாமென்றால் அன்று பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் வீட்டில் சாப்பிட்டோம், சரித்திரம் பேசினோம், ஜனவரிக் குளிருக்கு அவர் கொடுத்த போர்வையில் திண்ணையில் படுத்துத் தூங்கிக் காலையில் பஸ் ஏறினோம். நால்வரில் ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்துவிட்டது. புள்ளிகளுக்குக் கீழே இடம் நிறைய இருக்கிறது. விட்டுப்போன வரிகளை அங்கே எழுதிச் சேர்த்துவிடலாம் என்று பல தடவை எடுத்துப் பார்த்து அப்படியே மடித்து வைத்துவிட்டேன். இருபது வயதில் எதை வரலாறு இல்லை என்று நினைத்தேன் என்பதற்கு அதைவிட நேர்மையான ஆவணம் என்னிடம் வேறு இல்லை.