கரைக்கு வரும் காசு: காவிரிப் படுகையின் பராமரிப்பு வரலாறு

முக்கொம்பில் பிரியும் இரண்டு ஆறுகளில் கொள்ளிடம் தாழ்ந்தது. அதன் சரிவும் கூடுதல், கடலுக்குப் போகும் தூரமும் குறைவு. காவிரி மேட்டில் ஓடுகிறது. கண்காணிக்காமல் விட்டால் தண்ணீர் கொள்ளிடத்தைத் தேடிப் போய்விடும்; காவிரி மணல் ஏறித் தூர்ந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைச் சீமை இதைத்தான் அனுபவித்தது. ஆண்டுதோறும் மணலை அள்ளியும் மேடு குறையவில்லை. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டி முடித்தபின் காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது. திரும்பிய தண்ணீர் அளவுக்கு மிஞ்சிப்போனதால், சில ஆண்டுகளிலேயே காவிரியின் தலைப்பிலும் தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. அணை கட்டியதோடு செலவு நிற்காது என்று அரசுக்கு அப்போதே ஆறு சொல்லிவிட்டது.

இம்மலருக்காக நீர்வளத் துறையின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கையில் 1858ஆம் ஆண்டில் என் கண் நிற்கிறது. சென்னை மாகாணப் பொதுப்பணித் துறை அமைந்தது அந்த ஆண்டில்தான். வெள்ளத்தால் கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம், ஊர் உழைப்பில் வழக்கமாகச் செய்துவந்த குடிமராமத்தை வலியுறுத்திச் செய்விக்கலாம் என்று அதிகாரம் தந்த 1858ஆம் ஆண்டின் முதலாம் எண் சட்டமும் அப்போது வந்ததுதான். ஒரு கையால் பராமரிப்பைத் துறையின் பொறுப்பாக்கிய அரசு, மறு கையால் அதன் ஒரு பகுதியைக் குடிகளின் உடலுழைப்பின்மேல் வைத்தது. பெரிய ஆற்றின் கரை அரசின் செலவு, ஊர் வாய்க்கால் ஊரின் உழைப்பு என்ற பிரிவினை அதன்பின் நெடுங்காலம் தொடர்ந்தது. ஊரில் உழைப்பு தரும் வழக்கம் தளர்ந்தபோது, அந்த இடத்தை நிரப்பும் அளவுக்கு அரசின் பணம் வந்து சேரவில்லை. தண்ணீர் வரவில்லை என்று கடைமடையில் இன்றும் கேட்கும் குறைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1884இல் சென்னை ஆறுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆற்றுக்குள் மரம் நடுவதையும் கட்டடம் எழுப்புவதையும் தடுக்கத் துறைக்கு அது உரிமை கொடுத்தது. உரிமையைச் செயலாக்க ஆளும் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளமும் வேண்டும்.

அடுத்த பெரிய திருப்பம் ஒரு வெள்ளத்தையடுத்து வந்தது. 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் கரைகளையும் பாலங்களையும் வயல்களையும் கலக்கியது. மறு ஆண்டே மேட்டூர் அணையின் வேலை தொடங்கியது. பொறியாளர் எல்லிஸின் வடிவமைப்பில் எழுந்த அணை 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 120 அடி முழு நீர்மட்டம், 93.47 டிஎம்சி கொள்ளளவு. நொடிக்கு 4,56,000 கன அடி வெள்ளத்தை வெளியேற்றும் ஏற்பாட்டுக்கு அந்த 1924 வெள்ளமே கணக்கு. ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது என்ற ஒழுங்கும் மேட்டூரோடுதான் படுகைக்கு வந்தது. மூடும் நாளுக்கும் திறக்கும் நாளுக்கும் நடுவே கிடைக்கும் நான்கரை மாதம்தான் கரைப் பணிக்கான காலம். நிதியாண்டோ மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகிறது. ஆறு காய்ந்து கிடக்கும் காலத்தின் நடுவிலேயே கணக்கு மூடுகிறது. புதிய நிதியாண்டின் ஆணை வந்து, ஒப்பந்தம் போட்டு, பொக்லைன் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் வரும் நாள் நெருங்கிவிடுகிறது. 2022இல் டெல்டா தூர்வாரும் பணி ஏப்ரல் 23இல் தொடங்கியது. நீர்வரத்து நன்றாக இருந்ததால் மே 24லேயே மேட்டூர் திறக்கப்பட்டது. ஒரே மாதத்துக்குள் வேலையை முடிக்க இரவு பகல் பாராமல் உழைத்தவர்களுக்கு இந்த மலரில் ஒரு பக்கம் தனியே ஒதுக்கலாம்.

அந்த ஆண்டு ஒதுக்கிய தொகை 80 கோடி ரூபாய், வேலை நடந்த நீளம் சுமார் 4,964 கிலோமீட்டர். அதற்கு முந்தைய 2021இல் சுமார் 65 கோடிக்கு 4,061 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் இரண்டு ஆண்டும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.6 லட்சம் ரூபாய் வருகிறது. இந்தத் தொகையில் மண்ணை அள்ளலாம், ஆகாயத்தாமரையை அகற்றலாம். உடைந்த மதகை மாற்றவோ, அரித்த கரைக்குக் கல் கட்டவோ முடியாது.

2018 ஆகஸ்ட் 22 இரவை நினைத்துக்கொள்வோம். கொள்ளிடத்தில் பெருவெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது காட்டன் கட்டிய மேலணையின் 45 மதகுகளில் 9 இடிந்து விழுந்தன. 182 ஆண்டு உழைத்த அணை அது. அருகிலேயே 387.60 கோடி ரூபாயில் புதிய கதவணை எழுந்தது, 2022இல் திறக்கப்பட்டது. கட்டியாக வேண்டிய அணைதான். அதைக் கட்டிய பொறியாளர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரே அணைக்கான அந்தத் தொகை, படுகை முழுவதையும் ஏறக்குறைய ஐந்து ஆண்டு தூர்வாரும் தொகை. இடிந்தபின் இத்தனை கோடியை ஒதுக்க முடிந்த அரசு, இடியும் முன்பே அணைகளையும் ரெகுலேட்டர்களையும் சோதித்துச் செப்பனிட ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்க வேண்டும் என்று துறை துணிந்து கேட்கலாம்.

கேட்பதற்கு வழிகளும் உண்டு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசின் பங்கு 75 விழுக்காடு. ஆனால் அது உடைப்பை உடனடியாக அடைக்கத்தான், ஆண்டுப் பராமரிப்புக்கு அல்ல. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் ஐந்து ஆண்டுக்கான பேரிடர் நிதியில் 20 விழுக்காட்டைத் தணிப்புக்கென்று பிரித்து வைத்தது நல்ல மாற்றம். வெண்ணாற்று உபவடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் 10 கோடி டாலர் கடனைக் கொண்டு அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு முதலியவற்றைச் சீரமைத்த திட்டம் கடல்முகம் வரை போனது. கடனில் கட்டிய கரையையும் அடுத்த ஆண்டிலிருந்து நம் பணத்தில்தான் காக்க வேண்டும்.

2017இல் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு குடிமராமத்து மறுபடி உயிர்பெற்றது. 2021இல் நீர்வளத் துறை பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்து தனித் துறையாயிற்று. இனி வேண்டியவை இரண்டு. தூர்வாரும் பணிக்கான ஆணை மேட்டூர் மூடும் ஜனவரியிலேயே கைக்கு வர வேண்டும். மதகில் நின்று ஷட்டரை ஏற்றி இறக்கும், மழை இரவில் கரையில் நடந்து கசிவைக் கண்டுபிடிக்கும் லஸ்கர் பணியிடம் எதுவும் காலியாகக் கிடக்கக் கூடாது. சி, டி பிரிவுச் சிறு வாய்க்கால்களுக்குத் தண்ணீர் போய்ச் சேருவது அந்த ஆளின் கையில் இருக்கிறது.